குடியுரிமை ஏற்பவர் எதை விட்டுக்கொடுக்கிறார்?

அயல்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட ஒருவர் அங்கே நிரந்தர வதிவுரிமையோடு நின்றுவிடுவதா, அந்நாட்டின் குடியுரிமையையும் பெற்றுக்கொள்வதா என்ற கேள்வி, பெரும்பாலும் வரி, விசா, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், ஓய்வூதியம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்காகவே பேசப்படுகிறது. நிரந்தர வதிவுரிமை என்பது, ஓர் அரசு தன் குடிமகனல்லாத ஒருவருக்குத் தன் எல்லைக்குள் காலவரையின்றி வாழவும் உழைக்கவும் தரும் அனுமதி; அமெரிக்காவின் கிரீன் கார்டும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பி.ஆர். என்று வழங்கப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. குடியுரிமையோ அந்த அரசுக்கு உரிய மக்களுள் ஒருவராகச் சேர்வது. இந்தியரைப் பொறுத்தவரை இத்தேர்வு மேலும் கடுமையானது; ஏனெனில் அரசமைப்பின் 9ஆம் உறுப்பும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்று வகுத்திருப்பதால், அவருக்கு இரண்டாவது குடியுரிமை என ஒன்று இல்லை, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் மாற்று மட்டுமே உண்டு. ஓ.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, தன் பெயரில் குடிமகன் என்ற சொல்லைத் தாங்கியிருந்தாலும், வாக்குரிமையையோ அரசமைப்புப் பதவிகளையோ வேளாண் நிலம் வாங்கும் உரிமையையோ தருவதில்லை. சட்டத்தின் பார்வையில் அது இந்தியாவுக்கான ஒரு வதிவுரிமையே.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடியில் மிகப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒரு மண்ணில் வாழ்வதாலேயே அதன் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக ஒருவர் வாக்குக் கொடுத்தவராகிறாரா, கட்டுப்படுகிறவருக்கு அச்சட்டத்தை ஆக்குவதில் பங்கு இருந்தாக வேண்டுமா, புதிய சட்டத்துக்குள் நுழையும்போது தம் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் அதுவரை ஒழுங்குசெய்து வந்த நெறியைக் கைவிடுவது அறமாகுமா என்று அதைப் பிரித்துக் கேட்கலாம். நாட்டுப்பற்று இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் இன்றைய விவாதங்களைவிட, இக்கேள்வியைச் சமயச் சட்ட அறிஞர்களும் மெய்யியலாளர்களும் முன்பு அணுகிய விதம் நுட்பமானது.

பண்டைய ஏதென்சில் மெத்தோய்க்கோஸ் என்று அழைக்கப்பட்டோர் இன்றைய நிரந்தர வதிவாளரை ஏறத்தாழ ஒத்தவர்கள். பிற ஊர்களிலிருந்து வந்து குடியேறிய இவர்கள் ஏதெனியர் ஒருவரைப் புரவலராகக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்; ஆண்கள் ஆண்டுக்கு 12 திராக்மாவும் தனித்து வாழும் பெண்கள் 6 திராக்மாவும் தலைவரி செலுத்த வேண்டும்; போர் வந்தால் படையில் சேர வேண்டும். ஆனால் அவர்கள் நிலம் வாங்க முடியாது, மக்கள் மன்றத்தில் பேச முடியாது, நீதி மன்றங்களில் நடுவராக அமர முடியாது. கிமு 451இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி தாய் தந்தை இருவரும் ஏதெனியராக இருந்தால் மட்டுமே பிள்ளை குடிமகன் என்பதால், தலைமுறைகள் கடந்தும் வதிவாளர் வதிவாளராகவே இருந்தனர்.

குடிமகன் யார் என்பதற்கு மேலைச் சிந்தனையில் இன்றுவரை அடித்தளமாக விளங்கும் வரையறையை வகுத்த அரிஸ்டாட்டிலே இப்படியொரு வதிவாளர்தாம். ஸ்தாகிராவில் கிமு 384இல் பிறந்து, தம் வாழ்வின் பெரும்பகுதியை ஏதென்சில் கழித்த அவர், அரசியல் என்ற நூலின் மூன்றாம் புத்தகத்தில், ஓரிடத்தில் வாழ்வதாலேயே ஒருவர் குடிமகனாகிவிடுவதில்லை, அப்படியானால் அடிமையும் அயலாரும் குடிமக்களாகிவிடுவர் என்று விளக்கி, தீர்ப்பு வழங்குவதிலும் ஆட்சிப் பொறுப்பிலும் பங்குகொள்பவரே குடிமகன் என்று முடிக்கிறார். தாம் வாழ்ந்த ஊரில் தமக்கு இல்லாத ஒன்றைக்கொண்டே அவர் குடியுரிமையை வரையறுத்திருக்கிறார் என்பதை அவருடைய உரையாசிரியர் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அந்த இழப்பைப் பற்றிய கசப்பு நூலில் எங்கும் இல்லை என்பது உண்மை. ஆனால் குடிமக்களுக்குப் பழகிப்போனதால் கண்ணில் படாத எல்லைக்கோடு, அதற்கு வெளியே நின்றவருக்கே துலக்கமாகத் தெரிந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

இவ்வேறுபாட்டின் முழு எடையும் இரண்டு வழக்குகளை அருகருகே வைத்தால் விளங்கும். கிமு 399இல் சாக்ரட்டீஸ் மீதும், மகா அலெக்சாந்தர் இறந்தபின் கிமு 323இல் அரிஸ்டாட்டில் மீதும் ஏதென்சில் சுமத்தப்பட்டது ஒரே வகைக் குற்றச்சாட்டு: தெய்வ நிந்தனை. சிறையிலிருந்து தப்பிச்செல்ல நண்பர் கிரித்தோன் ஏற்பாடுகளோடு வந்தபோது சாக்ரட்டீஸ் மறுத்துவிட்டார்; அவருடைய வாதத்தைப் பிளேட்டோ, ஏதென்சின் சட்டங்களே ஆளுருவம் கொண்டு வந்து பேசுவதாக அமைத்திருக்கிறார். வயதுவந்த எந்த ஏதெனியரும் இந்நகரம் பிடிக்காவிட்டால் தம் உடைமைகளுடன் வேறெங்கும் போகலாம், அப்படிப் போகாமல் எழுபது வயதுவரை இங்கேயே வாழ்ந்தவர் சொல்லால் அல்லாவிட்டாலும் செயலால் எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது சட்டங்களின் வாதம். அரிஸ்டாட்டிலோ வழக்கு முடியும்வரை காத்திராமல் யூபியாத் தீவின் கால்கிசுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார். முன்னவரின் துணிவையும் பின்னவரின் அச்சத்தையும் ஒப்பிட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமான ஒப்பீடு அன்று. சட்டத்தை ஆக்கிய மன்றத்திலும் தீர்ப்புச் சொன்ன அவையிலும் இடம் இருந்தவர் அச்சட்டத்தின் தவறான தீர்ப்பையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார். அவ்விரண்டிலும் இடம் மறுக்கப்பட்டவர், வரியும் கொடுத்து ஒழுங்காக வாழ்ந்தபின், அனுமதி முடிந்ததும் புறப்பட்டார். வதிவாளர் நகரத்துக்குக் கடன்பட்டது நல்லொழுக்கத்தை. குடிமகன் கடன்பட்டதோ அதன் தீர்ப்புகளில் தமக்கும் உள்ள பொறுப்பை.

சட்டங்களின் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. 1748இல் டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டியதுபோல, வேற்றுமொழி அறியாத, அன்றன்றைய கூலியில் பிழைக்கும் ஓர் ஏழை உழவர் நாட்டைவிட்டுப் போகாமல் இருப்பதை அவருடைய சம்மதம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த எதிர்வாதம் பிறந்த மண்ணிலேயே இருப்பவருக்குப் பொருந்தும் அளவுக்கு, வேறு நாட்டுக்குப் போய், அங்கும் பல ஆண்டு வாழ்ந்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கையில் வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. உலகில் சம்மதம் தெரிவிக்கும் வாய்ப்பை உண்மையாகவே பெற்றிருக்கும் மிகச் சிலருள் அவர் ஒருவர்.

எபிரேய மறைநூலின் நோக்கு வேறு திசையிலிருந்து வருகிறது. தொடக்கநூலின் 23ஆம் அதிகாரத்தில், மனைவி சாராளை அடக்கம் செய்ய இடம் தேடும் ஆபிரகாம், இத்தியரின் முன் எழுந்து நின்று, தாம் அவர்களிடையே வந்தேறியும் தங்கியிருப்பவருமே என்று தம் நிலையை முதலில் அறிவித்துக்கொள்கிறார். இலவசமாகவே இடம் தருவதாக அவர்கள் சொல்லியும் ஏற்காமல், 400 செக்கேல் வெள்ளியை ஊரார் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்து மக்பேலாக் குகையை வாங்குகிறார். அந்நாடு முழுவதும் அவர் வழித்தோன்றல்களுக்கு என்று இறைவன் வாக்களித்திருப்பதாக அதே நூல் சொல்வதை நினைத்தால், வாக்குறுதியைக் காட்டி உரிமை கோராமல் விலைகொடுத்து வாங்கிய இந்தச் செயலின் நேர்மை புலப்படும். லேவியர் நூல் இதை மேலும் கொண்டுசெல்கிறது: நிலம் இறைவனுடையது, இஸ்ரவேலர் அதில் அவரிடம் தங்கியிருப்பவர்களே, ஆகவே நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது என்று 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. இப்பார்வையில் எந்த மனிதரும் மண்ணின் முழு உரிமையாளர் அல்லர். நாட்டுக்கு உரியவரும் ஒருவகையில் வதிவாளரே. அயலாரை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையும் இதனோடு ஒத்துப்போகிறது. இதே கருத்தை, உரிமை கேட்கும் குடியேறிகளிடம் இவ்வுலகில் நிரந்தரமானது எது என்று சொல்லி வாயடைக்கவும் பயன்படுத்தியவர்கள் உண்டு. மறைநூல் அக்கட்டளையை நிலம் உடையவரை நோக்கிச் சொன்னதே தவிர, நிலமற்றவரை நோக்கி அன்று.

கிறித்தவத்தின் தொடக்கத்தில் நிற்கும் பவுல் இருமை கொண்டவர். தர்சு நகரின் குடிமகன் என்றும், பிறப்பாலேயே ரோமக் குடிமகன் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் அவரைக் காட்டுகிறது. எருசலேமில் அவரைச் சாட்டையால் அடித்து விசாரிக்க முற்பட்ட படைத்தலைவர், அவர் ரோமர் என்று அறிந்து அஞ்சியபோது, தாம் பெருந்தொகை கொடுத்து வாங்கிய குடியுரிமை அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்தது என்பதை அறிகிறார். கடவுச்சீட்டுச் சந்தை நம் காலத்தின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இதுவே போதும். அதே பவுல், பிலிப்பியருக்கு எழுதிய மடலில் நம்பிக்கையாளரின் குடியுரிமை விண்ணகத்தில் இருக்கிறது என்கிறார். பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம், அதன் மக்கள் ரோமக் குடியுரிமையில் பெருமை கொண்டவர்கள் என்பதை மனத்தில் வைத்துப் படித்தால், அது உலகைத் துறக்கச் சொல்லும் அறிவுரையாக அல்லாமல், கையில் இருக்கும் உரிமையைத் தேவைக்குப் பயன்படுத்திக்கொள், ஆனால் அதுவே நீ யார் என்பதற்கு இறுதி விடை என்று எண்ணிவிடாதே என்ற எச்சரிக்கையாகத் தோன்றுகிறது.

இந்துத் தரும நூல்கள் குடியுரிமை பற்றி ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லை. அவை கேட்டது தங்குமிடத்தைப் பற்றி. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழப்புக்குக் காரணமாகும் செயல்களுள் வைக்கிறது, கலிங்கம், வங்கம் போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்பியவருக்கும் பரிகாரம் விதிக்கிறது. 1888இல் இலண்டனுக்குப் படிக்கப் புறப்பட்ட காந்தியை அவருடைய மோத் பனியா சாதியார் விலக்கிவைத்ததும், திரும்பியபின் அவர் நாசிக்கில் நீராடியதும் இம்மரபின் பிற்கால எச்சங்கள். யாருக்கு விசுவாசம் என்பது இங்கே கேள்வியே இல்லை. கால் எங்கே பட்டது என்பதுதான் கேள்வி, அதற்குக் கழுவாயும் உண்டு.

இசுலாமியச் சட்டவியலே இப்பொருளை மிக விரிவாக ஆராய்ந்தது. முசுலிம் அல்லாத ஆட்சியாளரின் நாட்டில், அமான் எனப்படும் பாதுகாப்பு உறுதியைப் பெற்று வாழும் முசுலிம், அவ்வுறுதியின் நிபந்தனைகளை மீறுவது துரோகம் என்று ஹனஃபி அறிஞர்கள் வகுத்தனர். அதாவது வதிவுரிமை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐபீரியத் தீபகற்பம் கிறித்தவ அரசர்களின் கைக்குப் போனபோது, ஃபெசு நகரின் மாலிக்கி அறிஞர் அல் வன்ஷரீசி, அங்கே தங்குவதே கூடாது, புலம்பெயர்ந்து வந்துவிட வேண்டும் என்று தீர்ப்புரைத்தார். சமயத்தை வெளிப்படையாகப் பின்பற்ற முடியும் இடத்தில் தங்குவதே மேல் என்ற கருத்தும் பழைய அறிஞர்களிடையே இருந்தது. இவ்விவாதம் முழுவதும் வாழ்வது பற்றியதே. வேற்றரசின் குடியாவது என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டில்தான் கூர்மையாக எழுந்தது.

அது எழுந்த இடம் துனீசியா. 1881 முதல் பிரான்சின் காப்பாட்சியில் இருந்த அந்நாட்டில், மக்கள் சட்டப்படி பே எனப்பட்ட தம் அரசரின் குடிகளாகவே நீடித்தனர்; மணமும் மரபுரிமையும் ஷரியத் நீதிமன்றங்களின் பொறுப்பு. 1923 டிசம்பர் 20ஆம் நாள் சட்டம் துனீசிய முசுலிம்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெறுவதை எளிதாக்கியது. பெற்றவர் இசுலாமியத் தனிநபர் சட்டத்திலிருந்து வெளியேறிப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போனார். 1932ஆம் ஆண்டின் இறுதியில் பிசெர்த்தா நகரின் முஃப்தி, அவ்வாறு குடியுரிமை பெற்று இறந்த ஒருவரை முசுலிம் இடுகாட்டில் புதைக்கக் கூடாது என்று அறிவித்தார். இறைச்சட்டத்தைத் தாமாகக் கைவிட்டவர் மதத்தையே கைவிட்டவர் என்பது வாதம். அடுத்த ஆண்டு ஊர் ஊராக இடுகாடுகளின் வாயிலில் கலவரங்கள் நடந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, கடைசியில் காப்பாட்சி அரசு குடியுரிமை பெற்றோருக்கெனத் தனி இடுகாடுகளை ஒதுக்க நேர்ந்தது. இளம் வழக்கறிஞராக இருந்த ஹபீப் பூர்கிபா அந்தப் போராட்டத்தில்தான் மக்கள் தலைவராக உருவானார்.

இதன் தொடர்ச்சி பலருக்கும் சங்கடமானது. விடுதலை கிடைத்த 1956ஆம் ஆண்டிலேயே, அதே பூர்கிபா பலதார மணத்தைத் தடைசெய்யும் தனிநபர் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார், ஷரியத் நீதிமன்றங்களையும் கலைத்தார். பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்றவர்கள் விட்டுவிலகிய அமைப்பை, அவர்கள் விலகியதை எதிர்த்தவரே இல்லாமல் ஆக்கினார். இதை அரசியல் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கலாம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கும். எனினும் 1933இல் இடுகாட்டு வாயிலில் நடந்த சண்டை எந்தச் சட்டம் சிறந்தது என்பது பற்றியதாக இருக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே அங்கு வழக்கு. இறந்தவர் செய்ததாகக் கருதப்பட்ட குற்றம், தம் மக்களோடு சேர்ந்து சட்டத்தை மாற்றக் காத்திராமல், தனியாக வேறொரு சட்டத்துக்குள் போய்விட்டது. சமயச் சொற்களில் சொல்லப்பட்ட அத்தீர்ப்புக்கு அடியில் இருந்தது அரிஸ்டாட்டிலின் வரையறையே.

தனியாகப் போவது எப்போதும் கைவிடல்தானா என்பதற்குத் தமிழ் நிலத்திலேயே ஒரு மறுமொழி இருக்கிறது. துனீசியா காப்பாட்சிக்குள் வந்த அதே 1881ஆம் ஆண்டில், செப்டம்பர் 21ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்று, புதுச்சேரி முதலிய பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் வாழ்ந்த இந்தியர்கள் தம் தனிநபர் நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட வழிசெய்தது. தனிநபர் நிலை என்பது இங்கே சாதி வழக்காறும் சமய முறையும் சேர்ந்த குடும்பச் சட்டம். அதைத் துறந்தவர்கள் ரெனோன்சான் எனப்பட்டனர். தமிழர் வழக்கில் இல்லாத குடும்பப் பெயர் ஒன்றையும் அவர்கள் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. 1873இல் ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்று, லப்போர்த் என்ற பெயரை ஏற்றார். துறந்தவர்களுள் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. எதிர்த்து நின்றவர் சண்முக வேலாயுத முதலியார் தலைமையிலான சாதி இந்துக்கள்.

துனீசியாவோடு ஒப்பிட இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. புதுச்சேரி இந்தியர் எதையும் துறக்காமலே வாக்களிக்க முடிந்தது. ஆகவே ரெனோன்சான் நாடியது ஆட்சியில் பங்கை அன்று. அவர் வெளியேறியது, தாம் ஆக்காத, தம் முன்னோரும் ஆக்காத, ஆனால் தம்மைக் கீழே வைத்திருந்த ஒரு சட்டத்திலிருந்து. தம் மக்களோடு சேர்ந்து அச்சட்டத்தை மாற்றக் காத்திருக்கலாமே என்று அவரிடம் சொல்வது, மாற்றும் அவையில் அவரை யாரும் அமரவிடாத நிலையில், வெறும் பேச்சு. பிரெஞ்சு அரசு அவரைத் தனக்குச் சமமாக ஏற்றுவிடவும் இல்லை. 1884இல் ஐரோப்பியர், ரெனோன்சான், ஏனைய இந்தியர் என வாக்காளர் பட்டியல் மூன்றாக வகுக்கப்பட்டது. இருந்தும், பழைய நெறியைக் கைவிடுவது துரோகம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் எந்த அறவியலும் இந்த மனிதர் முன் தடுமாறும். ஒருவர் விட்டுக்கொடுப்பது அவருக்கு உரியதாக இருந்ததா என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

1956இல் கையொப்பமாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தம் இக்கேள்வியைத் தலைகீழாக்கியது. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகளாக மாறுவர், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சில ஆயிரம் பேர் அவ்வாறு தெரிவித்தனர். பலர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற, ஊரார் சொல்தா என்று அழைக்கும் குடும்பத்தினர். அவர்களும் அவர்கள் வழியினரும் இன்றும் புதுச்சேரியிலிருந்தபடி பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கின்றனர். தாம் நடக்கும் தெருவின் நகராட்சிக்கு வாக்களிக்க முடியாது. பிறந்த வீட்டிலேயே வதிவாளராக வாழும் நிலை அது. ஓய்வூதியத்துக்காகச் செய்தது என்று அதை எள்ளி நகையாடுவோர் உண்டு. இந்தோசீனத்திலும் அல்சீரியாவிலும் பிரான்சுக்காகப் போரிட்டுவிட்டு வந்தவர், அந்த அரசுக்குத் தாம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டார் என்று பார்ப்பதே பொருத்தம்.

வதிவுரிமைக்கும் குடியுரிமைக்கும் இடையில் உள்ள எல்லை உறுதிமொழியில் தெளிவாகத் தெரியும். வதிவுரிமை பெறுபவர் சட்டத்தை மீறமாட்டேன் என்பதற்கு மேல் எதையும் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் குடியுரிமை ஏற்பவரோ, 1795 முதல் வழங்கிவரும் மரபின்படி, வேறெந்த அரசுக்கும் உள்ள விசுவாசத்தை முற்றாகக் கைவிடுவதாக ஆணையிட வேண்டும். படைக்கலம் ஏந்தும் கடமையும் அதில் அடங்குவதாகக் கருதப்பட்டதால், மனச்சான்று அதற்கு இடம்தராத ஓர் ஏழாம் நாள் சபையினர் தொடுத்த ஜிரூவார் வழக்கில், 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆயுதம் ஏந்தாமலும் நாட்டுக்கு உண்மையாக இருக்கலாம் என்று ஏற்றது. ஆனால் விசுவாசத்தைக் கைவிடும் பகுதியை நீதிமன்றங்களோ அரசோ அவ்வளவு கறாராக எடுத்துக்கொள்வதில்லை. பழைய கடவுச்சீட்டை வைத்திருக்க அமெரிக்கா தடைசொல்வதில்லை. அரசே கண்டுகொள்ளாதபோது ஆணையிட்டவர் பொய்ச்சான்று கூறியவராவாரா? சடங்குச் சொல்லாகிவிட்டது, யாரும் ஏமாற்றப்படவில்லை என்று சமாதானம் சொல்லலாம். வாக்கு என்பதைக் கடவுள் முன் சொல்வதாகக் கருதும் எந்த மரபுக்கும் அந்தச் சமாதானம் போதாது. இவ்விடத்தில் இந்தியச் சட்டத்தின் கடுமை, எவ்வளவு இடர்தந்தாலும், ஆணையைச் சொன்னபடி மெய்யாக்கிவிடுகிறது.

ஒருவருக்கு ஒரே குடியுரிமை இருப்பதே இலட்சியம் என்று 1930இன் ஹேக் உடன்படிக்கை அறிவித்த காலம் கடந்துவிட்டது. ஜெர்மனிகூட 2024 ஜூனில் இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. இருப்பினும் ஆட்சிப் பொறுப்பு என்று வரும்போது பழைய ஐயம் திரும்பிவிடுகிறது. இலங்கை 1987 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை வழங்கிவந்தாலும், அவர்கள் நாடாளுமன்றத்தில் அமர்வதை 2015இன் 19ஆம் திருத்தம் தடுத்தது, 2020இன் 20ஆம் திருத்தம் அனுமதித்தது, 2022இன் 21ஆம் திருத்தம் மீண்டும் தடுத்தது. அந்தத் திருத்தங்களில் தனிமனிதர்களை மனத்தில் வைத்த அரசியல் கலந்திருந்தது வெளிப்படை. ஆயினும் இரண்டு ஊர்களில் உறுப்பினராக இருக்கலாம், இரண்டிலும் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்ற தயக்கத்துக்குத் தனியே ஒரு நியாயம் உண்டு.

விலைக்கு விற்கப்படும் கடவுச்சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984இல் செயின்ட் கிட்சு நெவிசு தொடங்கிய இவ்வணிகத்தில் வாங்குபவர் அந்நாட்டில் வாழவோ அதன் சட்டங்களைப் பற்றிக் கவலைப்படவோ தேவையில்லை. 1955இல் நொட்டபோம் வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் குடியுரிமைக்கு மெய்யான தொடர்பு வேண்டும் என்று வற்புறுத்தியது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மால்ட்டாவின் விற்பனைத் திட்டத்தைச் சட்டத்துக்கு மாறானது என்றது. இத்தகைய குடியுரிமை ஒரு காப்பீட்டுப் பத்திரம்; அதை அப்பெயரால் அழைத்துவிட்டால், அறக்குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

கடினமானது, வாழ்கிறவருடைய நிலை. வளைகுடா நாடுகளில் முப்பது ஆண்டு உழைத்தாலும் குடியுரிமைக்கான வழியே திறக்காத தொழிலாளரிடம் தேர்வைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. வழி திறந்திருந்தும், பிறந்த நாட்டின் கடவுச்சீட்டை விட மனமில்லாமல் வதிவுரிமையிலேயே காலம் கழிப்பவரைப் பற்றியே இங்குப் பேச்சு. அந்த மனமின்மை மதிக்கத்தக்கது, ஆபிரகாமின் நேர்மையின் சாயல் அதில் உண்டு. ஆனால் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் 2010இன் சட்டத்திருத்தத்துக்குப்பின் வாக்காளராகப் பதிந்துகொள்ள முடிந்தாலும், வாக்களிக்கத் தம் தொகுதிக்கு நேரில் வந்தாக வேண்டும், பெரும்பாலோர் வருவதில்லை. ஆகவே இருபது ஆண்டாக அயல்நாட்டில் வாழும் அவர், வாழும் நாட்டிலும் பிறந்த நாட்டிலும் எதையும் தீர்மானிப்பதில்லை. வாழும் நாட்டின் பள்ளியையும் மருத்துவமனையையும் காவல்துறையையும் எப்படி நடத்துவது என்ற சுமையை அண்டை வீட்டாரின் தோளில் விட்டுவிட்டு, அவற்றின் பயனைப் பெறுகிறார். அவர் பற்றாகக் கருதுவது, பிறந்த நாட்டுக்கு எந்தப் பணியும் செய்யாத பற்று. அவர் குடியுரிமை ஏற்றால் இழப்பது பெயரளவிலான ஓர் உறுப்பாண்மையை, பெறுவது சாக்ரட்டீஸ் ஏற்றுக்கொண்ட வகையான பொறுப்பை. பெற்றோரைப் பேணவோ என்றேனும் திரும்பி வரவோ உறுதியாக எண்ணியிருப்பவருக்கு மட்டும் வதிவுரிமையே உண்மையான நிலை; அவர் தங்கியிருப்பவர்தாம், தங்கியிருப்பதாகவே சொல்லிக்கொள்கிறார்.

இம்முடிவுக்கு எதிராக நிற்கக்கூடிய வலுவான வாதம், தேர்வு செய்தவரைவிட அவர் பிள்ளைகளைப் பற்றியது. கருவில் ஏழு மாதமாக இருந்தபோது பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர், வயதுவந்தபின் இந்தியக் குடியுரிமையை மீட்கக் கோரிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி தாமே அறிவிப்புக் கொடுத்துக் குடியுரிமையைத் துறந்திருந்தால், பிள்ளை வயதுவந்த ஓராண்டுக்குள் அதை மீட்டிருக்க முடியும். அவர்களோ வேற்றுக் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி சட்டத்தாலேயே இழந்தவர்கள், அந்த இழப்பில் யாருடைய விருப்ப அறிவிப்பும் இல்லை, எனவே மீட்கும் உரிமையும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டநூலின் சொற்படி இது பிழையற்ற வாசிப்பாகவே தோன்றுகிறது. தாமாக முன்வந்து துறந்தவரின் பிள்ளைக்குத் திரும்பும் வழி இருக்க, துறப்பதாக ஒரு சொல்லும் சொல்லாதவரின் பிள்ளைக்கு அது ஏன் இல்லை என்ற கேள்விக்கு நாடாளுமன்றம்தான் விடை சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் தகுதி வாக்குரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே இருக்கிறது.